வலது காலை மட்டும் கழுவிக்கொண்டு போனவன்

பெரிய வியாழனுக்கு நான்கு நாள் முன்பு எங்கள் கோயில் பங்குப் பேரவைச் செயலாளர் அருளப்பன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் காலைப் பார்த்தார்.

"சார், பன்னெண்டு பேர்ல ஒரு ஆளு கொறையுது. பேக்கரிக்காரரு பொண்ணு வீட்டுக்குக் காரைக்கால் போயிட்டாரு. நீங்க வந்து உக்காந்துடுங்களேன்."

உங்களில் பலருக்கு விஷயம் புரிந்திருக்கும். புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயேசு தாம் இறப்பதற்கு முந்தைய மாலை, தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் கால்களையும் கழுவித் துண்டால் துடைத்தார் அல்லவா? அதை நினைத்து ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய வியாழன் மாலைப் பூசையில், சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். பன்னிரண்டும் ஊர்க்காரர்கள்தான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், மில் மூடியதும் ஆட்டோ ஓட்டப் போனவர், தபால்காரர்... இந்த வருடம் நான்.

இதில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. சாமியார் கழுவப்போகிற கால்கள் எல்லாமே ஏற்கெனவே கழுவப்பட்ட கால்கள்!

பின்னே? அத்தனை பேர் முன்னால் அழுக்குக் காலையா நீட்டமுடியும்? நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டு, பவுடர் பூசி... கல்யாணத்துக்குக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு பாடுபடமாட்டார்கள். அதிலும் வலது கால் மட்டும்தான். சாமியார் வலது காலை மட்டும் கழுவுவது எங்கள் கோயிலில் பல வருட வழக்கம். நான் சோம்பேறி. தேவையில்லாத காலைத் தேய்ப்பானேன்?

வியாழன் மதியம் பாத்ரூம் கல்லில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக முருங்கை மர நிழல் தண்ணீர் வாளியில் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. நிழலைப் பார்த்தபடியே நேரம் போனது தெரியவில்லை. எனக்கு இது ஒரு வியாதி. வாளித் தண்ணீர் கிடைத்தால் போதும், கனவு காண ஆரம்பித்துவிடுவேன்.

"என்னங்க, காலைத் தேய்க்கிறீங்களா, இல்ல உள்ளயே ஜெபத்துக்கு உக்காந்துட்டீங்களா?" வெளியிலிருந்து ரீட்டாவின் குரல்.

ரீட்டா என் மனைவி. அவள் வலது மணிக்கட்டில் அப்போது மாவுக்கட்டு. பத்து நாள் முன்பு அதே பாத்ரூமில் வழுக்கி விழுந்திருந்தாள். நான் சொல்ல வந்த கதை உண்மையில் அந்த மாவுக்கட்டில்தான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் என் மாமனார் இருக்கிறார். பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். புதுச்சேரி பாஷையில் சொன்னால், ஒரு சொல்தா. அல்ஜீரியா வரைக்கும் போய்வந்தவர். இன்றைக்கும் சட்டையில் கசங்கல் இருந்தால் போடமாட்டார். சர்க்கரை வியாதி. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண், எட்டு மாதமாக ஆறாத புண். மகன் பிரான்சில் இருக்கிறார். மகள்தான் தினமும் காலையில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மகளின் கை உடைந்ததும் தெருமுனை கிளினிக்கிலிருந்து முருகையன் வந்தார். எல்லோரும் அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவோம். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் பேப்பரை விரித்துவிட்டேன். புதன்கிழமை அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"சார், வெள்ளிக்கெழம ஒரு நாளு நா வரமுடியாது. விழுப்புரத்தாண்ட எங்க கொலதெய்வத்துக்குப் பொங்கல் வெக்கிறோம். வேற யாரையாச்சும் வெச்சு கட்ட மாத்திடுங்க."

வேற யார்? ரீட்டா என்னைப் பார்த்தாள். நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்து செவ்வாய்க்கிழமை மறுபடி காட்ட வேண்டும். அதற்குள் புண் கொஞ்சமாவது காய்ந்தால் சரி. இல்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். ஒரு நாள்கூடக் கட்டு மாற்றாமல் விடக்கூடாது.

"எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றேன். எட்டு மாதமாக நான் பாடுகிற பாட்டு இது. உண்மையில் ரத்தம் இல்லை, நாற்றம்தான். அந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு வசதியாக இன்னொரு காரணமும் இருந்தது. மாமாவே ஒத்துக்கொள்ளமாட்டார். எங்கள் கல்யாணத்தில் மச்சான்தான் எனக்குக் கால் கழுவிவிட்டார், நான் அவருக்கு மோதிரம் போட்டேன். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் காலைத் தொடலாம். மாப்பிள்ளை மாமனாரின் காலைத் தொடுவதா? மாமாவின் தலைமுறைக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது. "செத்தாலும் வேணாம்" என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறார். அப்பாடா என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆக, வெள்ளிக்கிழமை காலை மாமாவின் காலை யார் கழுவுவது என்று தெரியாமலே, வியாழக்கிழமை மாலை என் காலைக் கழுவிக்கொள்ளப் போனேன்!

கோயில் நிறையக் கூட்டம். கண்ணாடி ஜன்னல்களின் வழியே சாய்ந்த வெயில் சிவப்பும் மஞ்சளுமாகத் தரையில் விழுந்திருந்தது. கடல் காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் போய்க்கொண்டிருந்தது. சாம்பிராணிப் புகை அதோடு போக மனமில்லாமல் நின்றது. 'உன்னதங்களிலே' கீதம் பாடியதும் மணிகள் அடித்து ஓய்ந்தன. இனி பாஸ்கா இரவு வரை எங்கள் ஊரில் கோயில் மணி அடிக்காது.

எனக்கு ஆறாவது நாற்காலி. உட்கார்ந்தேன். வழக்கம்போல் கனவு வந்துவிட்டது.

இயேசு சீடர்களின் காலைக் கழுவிய அந்த மேல்மாடி அறை கண்ணில் தெரிந்தது. அது எருசலேமில் இல்லை... எப்படியோ கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் இருந்தது. சீடர்களில் மூத்தவரான இராயப்பர் அந்தக் குப்பத்து ஆள் போலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். காலில் ஈர மணல், ஒட்டிக்கொண்ட மீன் செதில், படகுத் தார். ஒருவர்கூடக் காலைத் தேய்த்துக்கொண்டு வரவில்லை. பகலெல்லாம் நடந்த கால்கள். ஜன்னலுக்கு வெளியே அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. யாரோ மண்பானையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம்...

"ஐயோ, இடது காலாம்!"

பக்கத்து நாற்காலி ஹெட்மாஸ்டர் என் விலாவில் இடித்தார். கனவு கலைந்தது.

பங்குச் சாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் கால் கழுவ வந்தார். நாற்காலிகளையும் இந்த வருடம் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள். முழங்காலிட்டு நகர்ந்து வருகிறவருக்குக் கைக்கு எட்டியது எங்கள் இடது கால்கள்தான். எங்கள் கோயில் வழக்கத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. முதல் ஆள் வலது காலை நீட்ட, அவர் புன்னகையோடு இடது காலைத் தொட்டார்.

வரிசையில் ஒரு கலவரம்! ஹெட்மாஸ்டர் அவசரமாக இடது சாக்ஸை உருவினார். ஆட்டோக்காரர் கைக்குட்டையால் குதிகாலைத் துடைத்தார். மிச்சம் பதினொரு சீடர்களும் இடது காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைக்கப் பார்த்தோம்.

என் இடது கால் சமாச்சாரம் சாதாரணமானதல்ல. குதிகாலில் பித்த வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்பிலும் கறுப்புக் கோடு. அது போகட்டும். கட்டைவிரல் நகத்தில் ஏதோ படை வந்து, ஒரு வாரமாக ஜென்ஷியன் வயலட் தடவிக்கொண்டிருந்தேன். விரல் முழுக்க ஊதா. தவக்காலத்துக்கு ஏற்ற நிறம்தான் என்று சொல்லிச் சமாளிக்கலாமா? இன்னும் நான்கு பேர்... மூன்று பேர்... விரலை வலது கெண்டைக்காலில் வைத்துத் தேய்த்தேன். இப்போது கெண்டைக்காலிலும் ஊதா!

சின்னச் சாமியார் என் முன்னால் முழங்காலிட்டார். பார்த்தார்.

எனக்கு எழுந்து ஓடிவிடத் தோன்றியது. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆயிரம் பேர் பார்ப்பது பெரிதில்லை. அந்த ஒரு மனிதர் இவ்வளவு அருகில் பார்க்கிறாரே, அது தாங்கவில்லை. என்னை அறியாமலே என் கை அவர் கையைப் பிடித்துத் தடுத்தது.

அவர் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, தண்ணீர் ஊற்றினார். தாம்பாளத்தில் ஊதாவாக ஓடியது. மறுபடி ஊற்றினார். வெடிப்பு வெடிப்பாக விரலால் தடவித் துடைத்தார். வெள்ளைத் துண்டில் பளிச்சென்று கறை. குனிந்து பாதத்தில் முத்தமிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"வலிக்குதுங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பார்த்தவர்கள் எனக்கு ஏதோ பக்திப் பரவசம் என்று நினைத்திருப்பார்கள். பக்தியாவது ஒன்றாவது! வெட்கம். வெட்கத்துக்கு மேல் ஏதோ ஒரு நிம்மதி. இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒருவர் காலை விடாமல் பிடித்திருக்கிறாரே என்கிற நிம்மதி.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமாவை நினைத்துக்கொண்டேன். இயேசு கால் கழுவ வந்தபோது இராயப்பரும் முதலில் வேண்டாம் என்றுதானே சொன்னார்? மரியாதையால் சொன்னார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மாமா மறுப்பதும் மாப்பிள்ளை மரியாதையால்தான் என்று நினைத்திருந்தேன். இருக்கலாம். ஆனால், எட்டு மாதமாக மாமா ஞாயிறு பூசைக்குக்கூட வரவில்லையே... அது எந்த மரியாதை?

பெரிய வெள்ளி காலை. தெருவே பேச்சு அடங்கிக் கிடந்தது. மணிச்சத்தம் இல்லை. ஒருசந்தி நோன்பு என்பதால் எங்கள் வீட்டில் அடுப்பும் எரியவில்லை. நான் பின்கட்டு அறைக்குள் போனேன். கையில் எவர்சில்வர் பேசின், வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர், பஞ்சு, காஸ் துணி.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேசினைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ரீட்டா எங்க?"

"அவ கைல மாவுக்கட்டு மாமா."

"கம்பவுண்டரு?"

"ஊருக்குப் போயிருக்காரு. நாளைக்குத்தான் வருவாரு."

"அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஒரு நாளுகூட விடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரே."

"உடுங்க மாப்ள. போற வெரலு போவட்டும். நீங்க தொட்டு அது ஒண்ணும் இருக்க வேணாம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறினார். "ஏந்திரிங்க மாப்ள! தரையில உக்காராதீங்க! ரீட்டா, இங்க வாம்மா, இவரப் பாரு!"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கைலியை உயர்த்தி என் இடது காலை நீட்டினேன். ஊதா இன்னும் முழுதாகப் போகவில்லை. நேற்று கோயிலில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஹெட்மாஸ்டரின் சாக்ஸ், ஆட்டோக்காரரின் கைக்குட்டை, என் கெண்டைக்கால் எல்லாவற்றையும். மாமா முதலில் உதட்டைக் கடித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அந்தச் சின்னச் சாமியாரு என்னா சொன்னாரு?"

"வலிக்குதான்னு கேட்டாரு மாமா. வேற ஒண்ணும் சொல்லல."

சிரிப்பு நின்றது. சுவரைப் பார்த்தார். மிகவும் சின்னக் குரலில் சொன்னார்.

"மாப்ள... இது நாறும்."

அவ்வளவுதான். எட்டு மாதமாக அவர் கோயிலுக்கு வராத காரணம், கூடத்துக்கு வந்து உட்காராத காரணம், என்னை அறைக்குள் விடாத காரணம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துவிட்டது. நான் வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டது அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் இருக்கும். பட்டாளத்துக்காரர்.

"நாறட்டும் மாமா" என்றேன்.

கட்டைப் பிரித்தேன். நாறத்தான் செய்தது. பொய் சொல்லமாட்டேன், ஒருமுறை எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன். மாமா அதைப் பார்த்தார். "மெதுவா மாப்ள, மெதுவா... அவசரமில்ல" என்று எனக்குத் தைரியம் சொன்னார்! தண்ணீர் பட்டபோது கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரேடு மைதானத்தில் நிற்பவர் போல விறைப்பாக, பிரெஞ்சில் எண்ண ஆரம்பித்தார். அன்... தெ... த்ருவா... கத்ர்...

நான் கழுவினேன். வெளியே காற்றில் முருங்கைப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் எண்ணும் சத்தம், தண்ணீர் சொட்டும் சத்தம், வேறு எதுவும் இல்லை. எத்தனை வரை எண்ணினார் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். வலி குறைந்ததாலா, என்மேல் நம்பிக்கை வந்ததாலா? நான் கேட்கவில்லை. மருந்து வைத்து, துணி சுற்றிக் கட்டி முடித்ததும், "மெர்சி மாப்ள" என்றார்.

திரும்பினால் வாசலில் ரீட்டா. எவ்வளவு நேரமாக நின்றாளோ. கன்னத்தை மாவுக்கட்டாலேயே துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இத்தினி வருஷமா கோயில்லயே இருந்த ஒங்க சாமி, இன்னைக்குத்தாங்க நம்ம வூட்டுப் பின்கட்டுக்கு வந்திருக்காரு."

கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தது, தெரியுமா? அன்று மாலை கோயிலில் சிலுவையை முத்தமிடும் வரிசையில் நான் தரையில் நடக்கவில்லை. மிதந்தேன். ஊர்க்காரர்களை எல்லாம் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தேன். பாவம், இவர்களுக்கெல்லாம் எப்போது விளங்குமோ என்று!

மிதந்தபடியே வீட்டுக்கு வந்தால், நான் கட்டிய கட்டு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விரலிடுக்கில் ஈரத்தைத் துடைக்காமல் சுற்றியிருக்கிறேன். மதியமே அவிழ்ந்துவிட்டதாம். மாமா யாரிடமும் சொல்லாமல் ஒரு சுத்தமான கைக்குட்டையைச் சுற்றி வைத்திருந்தார். மறுபடி கட்டினேன். எனக்கு ஒன்று புரிந்தது. பக்தியோடு கட்டினால் மட்டும் போதாது. முடிச்சும் சரியாக விழவேண்டும்.

சனிக்கிழமை காலை கண் விழித்தேன். நேற்றைய மிதப்பு ஒரு துளி மிச்சமில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூக்குக்கு அந்த நாற்றம் மட்டும் ஞாபகம் இருந்தது. இயேசு சீடர்களின் காலை ஒரு மாலைதானே கழுவினார்? மறுநாளும் கழுவு என்று யாராவது அவரிடம் பேசினைக் கொடுத்தார்களா? இப்படியெல்லாம் போயிற்று என் வேதாகம ஆராய்ச்சி.

செல்போன் அடித்தது. முருகையன்.

"சார், ராத்திரியே வந்துட்டேன். இப்ப வரட்டுங்களா?"

தேவதூதனே நேரில் பேசியது போல் இருந்தது. "வாங்க, வாங்க!" என்று கத்தியேவிட்டேன். பேசிக்கொண்டே பின்கட்டுப் பக்கம் நடந்தேன்.

மாமா தயாராக உட்கார்ந்திருந்தார். வலது காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்திருந்தார். கைலியை முழங்கால் வரை மடித்திருந்தார். காலி பேசினை, எப்படி எடுத்தாரோ, தானே எடுத்துத் தரையில் வைத்திருந்தார். நான் நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் ஒரு பாய்த் துண்டு விரித்திருந்தது.

"என்னா மாப்ள, நேரமாவல?" என்றார்.

செல்போனைக் காதிலிருந்து இறக்கினேன். செல்போனுக்குள் முருகையன் "சார்... சார்..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க முருகையன்" என்றேன். "ஆனா நீங்க கைய வெக்க வேணாம். பக்கத்துல நின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

வந்தார். நேற்று மாலை நான் இரண்டாவது முறை கட்டிய கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு சார் இத கட்டுனது? மளிகைக் கடையில பொட்டலம் கட்டுன கணக்கா இருக்குது!"

நான் வாய் திறப்பதற்குள் பட்டாளத்துக் குரல் வந்தது.

"ஏன்? எங்க மாப்ளதான் கட்டுனாரு. என்னா கொறைச்சல்?"

முருகையன் உடனே பாடத்தைத் தொடங்கினார். நான் பாய்த் துண்டில் உட்கார்ந்தேன். விரலிடுக்கில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. துணி இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. இரண்டு முறை தப்பாகச் சுற்றி, மூன்றாவது முறை சரியாக வந்தது. மாமா எண்ணவே இல்லை. முருகையனிடம் அல்ஜீரியாக் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் அதற்குச் சடங்கு என்று பெயர் இருக்கிறது. பாட்டு இருக்கிறது, சாம்பிராணி இருக்கிறது, பார்க்கக் கூட்டம் இருக்கிறது. தினமும் செய்வதற்கு என்ன பெயர்? அதற்குப் பெயர் ஒன்றும் இல்லை. மணி ஏழானால் பேசினை எடுக்கவேண்டும், அவ்வளவுதான். கும்பிடுவதைவிட அது கஷ்டம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரம் காய ஆரம்பிச்சிருக்கு. இப்போதைக்கு எடுக்க வேணாம். இதே மாதிரி தினமும் பண்ணுங்க, ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்றார். ரீட்டா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா எழுந்து நின்று டாக்டருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

விரல் மாமாவோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டது. போனது என் காலைத் தூக்கம்தான்!